மழைக்கு மாமனார்

மழையைத் திட்டாத விவசாயி எங்கள் விருத்தாசலம் வட்டாரத்தில் கிடையாது. ஆனால் மரியாதை குறையாமல், வாங்க போங்க என்று மழையைத் திட்டியவர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் மழையை 'மாப்ள' என்பார். அதனால் ஊரே அவரை மாமனார் என்றது. சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்க மாட்டார்.

நான் கணக்கு எழுதும் செராமிக் கம்பெனியில் அவர் சூளைக்காரர். அகல் விளக்கு, பொம்மை, ஃபியூஸ் கட்டை என்று எது உள்ளே போனாலும் பக்குவம் பார்த்து வேகவைப்பவர். ஆனால் என்ன வேலை என்று கேட்டால் "வெவசாயம்" என்பார். கருவேப்பிலங்குறிச்சியில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து நெல் போட்டுக்கொண்டிருந்தார். சூளையெல்லாம் மாப்பிள்ளை வரும்வரை பொழுது போவதற்கு.

மாப்பிள்ளைக்கு வரவேற்பு ஏற்பாடும் உண்டு. ஐப்பசி பிறந்ததும் கம்பெனி வாசலில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியைப் போடுவார். அதன் ஓட்டைகளையெல்லாம் எங்கள் களிமண்ணை வைத்தே அடைத்திருப்பார். வேறு யாரும் அதில் உட்காரக் கூடாது. முதலாளி ஒருநாள் தெரியாமல் உட்கார்ந்துவிட்டார்.

"எந்திரிங்க சார். மாப்ள வர்ற நேரம்."

முதலாளி எழுந்துவிட்டார். சம்பளம் கொடுப்பவர் நிற்க, காலி நாற்காலிக்குக் காவல் போட்ட ஒரே கம்பெனி எங்களுடையதுதான்.

மழை பெய்து நாற்காலிக் குழியில் தண்ணீர் தேங்கிவிட்டால் போதும். "குந்திட்டாரு!" என்று கத்திவிட்டு எல்லோருக்கும் டீ சொல்வார். டீக்கடைக்காரர் விடமாட்டார்.

"ஒனக்கு ரெண்டும் பையனுங்க. பொண்ணே இல்லாம மாப்ள எங்கேருந்துய்யா வந்தாரு?"

"நீ டீய ஆத்து."

சிரிப்பெல்லாம் அத்தோடு சரி. மாப்பிள்ளையின் போக்கு வரவர சரியில்லாமல் போனது. ஒரு வருடம் ஐப்பசியும் கார்த்திகையும் வெறும் வெயிலாகவே காய்ந்தன. நாற்காலியில் தூசிதான் உட்கார்ந்தது. பால் பிடிக்கும் நேரத்தில் பயிர் பதராகப் போனது. அடுத்த வருடம் ஒரு புயல் மொத்தத்தையும் ஒரேயடியாகக் கொட்டி, வயலில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. பயிர் அழுகியது.

"வரவேண்டிய நேரத்துல ஃபோனே எடுக்க மாட்டேங்குறாரு. வந்தா குடும்பத்தோட வந்து எறங்குறாரு. எப்புடிங்க சார் சமாளிக்கிறது?" என்றார் என்னிடம். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

நிலத்துக்காரர் கறாராகச் சொல்லிவிட்டார். "ரெண்டு வருஷமா குத்தக நெல்லு அளக்கல. இந்த வாட்டியும் அளக்கலன்னா நெலத்த வுட்டுருப்பா."

அந்த மூன்றாவது வருடம் விளைச்சல் அமோகம். என்னை மொபெட்டில் ஏற்றிக்கொண்டு போய்க் காட்டினார். கதிர் தலை சாய்ந்து கிடந்தது. கைக்குழந்தையைத் தொடுவது போலத் தொட்டார். பொங்கல் முடிந்ததும் மெஷின் விட்டு அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்துக் களத்தில் குவித்துவிட்டு முறைக்காகக் காத்திருந்தார்.

அப்போது வந்தார் மாப்பிள்ளை. தை மாதத்தில். அழைப்பில்லாமல், அடைமழையாக.

தார்ப்பாய்க்கு அடியில் தண்ணீர் புகுந்தது. ஈரமாக இருக்கிறது, காயவைத்துக் கொண்டுவா என்றார்கள் நிலையத்துக்காரர்கள். வெயிலை எங்கே போய் வாங்குவது? குவியலில் பாதி முளைத்துவிட்டது. தப்பித்த மிச்சத்தையாவது காயவைத்துக் குத்தகைக்கு அளந்தால் நிலம் கையில் நிற்கும். அதை மூட்டை கட்டி, வண்டி வைத்து நேராகக் கம்பெனிக்குக் கொண்டுவந்துவிட்டார்.

சூளையிலிருந்து பொம்மைகளை அன்றுதான் இறக்கியிருந்தோம். தீ அணைந்தும் உள்ளே இதமான சூடு இருந்தது. மாமனார் கையை நீட்டிப் பார்த்தார்.

"வீணா போற சூடுதானுங்களே சார். என் கையே பொறுக்குது, நெல்லு பொறுக்காதா?"

முதலாளி தலையாட்டினார். நாங்கள் எல்லோரும் சேர்ந்து பொம்மைத் தட்டுகளில் நெல்லைப் பரப்பினோம். சூடு வெளியே போகக் கூடாதென்று மாமனாரே கதவைச் சாத்தினார். திறந்திருந்தபோது சாதுவாக இருந்த செங்கற்கள், கதவை மூடியதும் தாங்கள் விழுங்கி வைத்திருந்த சூட்டையெல்லாம் கக்கிவிட்டன.

முதலில் ஒரு 'பட்'. அடுத்து இரண்டு. பிறகு தீபாவளிதான்.

அவர் பாய்ந்துபோய்த் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. பாதி நெல் வெள்ளை வெளேரென்று பொரிந்திருந்தது. மீதி கருகிக் கிடந்தது. கார்த்திகை தீபத்தன்று வீட்டில் வருமே, அந்த வாசனை கம்பெனி முழுவதும் அடித்தது.

மாமனார் ஒரு கை அள்ளினார். உமியை ஊதினார். ஒவ்வொருவர் கையிலும் கொஞ்சம் வைத்துக்கொண்டே வந்தார்.

"தின்னுங்க சார். சூடா இருக்குது."

வாயில் போட்டேன். நன்றாகவே பொரிந்திருந்தது.

நிலம் போயிற்று. நெல்லே வேண்டாமென்று நிலத்துக்காரர் அதில் தைல மரம் நட்டுவிட்டார். மாமனார் இப்போது முழு நேரச் சூளைக்காரர். என்ன வேலை என்று யாராவது கேட்டால் பதில் சொல்வதில்லை.

இந்த ஐப்பசிக்கு வாசலில் நாற்காலி போடவில்லை. ஆனால் மழை வந்தது. சொல்லி வைத்தது போல உரிய நேரத்தில், காற்று இல்லாமல், இடி இல்லாமல், பயிருக்கு வேண்டிய அளவுக்கு நிதானமாகப் பெய்தது. இப்படி ஒரு நல்ல மழையைப் பார்த்து எவ்வளவு காலமாயிற்று!

மாமனார் சூளையை விட்டு வாசலுக்கு வந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டார். கோபமே இல்லாத குரலில், பழைய மரியாதையோடு சொன்னார்.

"இப்ப வந்து என்னா பண்றது மாப்ள? பொண்ணு வூட்ல இல்லீங்களே."

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். டீக்கடைக்காரர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் பதில் வந்தது.

நான் வாசலிலேயே நின்று மழையைத் திட்டினேன். வாங்க போங்க எல்லாம் இல்லை, வாயில் வந்தபடி திட்டினேன். அவருக்கு வேண்டுமானால் அது மாப்பிள்ளை. எனக்கு மாமனார்தான் முக்கியம்.