ஜாமீனுக்குக் கட்டிய காப்பு

பரளச்சி,
2.4.1988, சனிக்கிழமை.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை ஆனந்தகுமார் அவர்களுக்கு மாமனார் ராஜகுரு எழுதுவது. இவ்விடம் நலம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். அது உண்மையல்ல என்பதால் விட்டுவிடுகிறேன். அவ்விடம் தாங்களும் என் மகள் சுபத்ராவும் சுகமாயிருக்க வேண்டும்.

என் தங்கை மகன் நல்லகண்ணுவின் கரிமூட்டை லாரியில் கஞ்சா அகப்பட்டு, மதுரைக் கோர்ட்டில் நாலு வருடத் தண்டனை விழுந்தபோது, தாங்கள் ஐகோர்ட்டில் வாதாடி அப்பீல் முடியும்வரை அதை நிறுத்திவைக்க உத்தரவு வாங்கினீர்கள். திங்கள்தோறும் காலை பத்து மணிக்குள் அவன் திருச்சுழி ஸ்டேஷனில் கையெழுத்திட வேண்டும். தவறினால் அவன் மறுபடி உள்ளே. ஜாமீனாகக் கொடுத்த என் வீடும் போகும். அவன் ஓடிவிடுவான் என்று எனக்குச் சந்தேகம். போன மாதம் மீசையை எடுத்தான். பிறகு புதிதாக ஒரு தோள்பை வாங்கினான். பஸ் ஸ்டாப்பில் ராமநாதபுரம் வண்டி எத்தனை மணிக்கு என்று விசாரித்தான். ராமநாதபுரத்துக்கு அப்பால் கடல், கடலுக்கு அப்பால் சிலோன். கேட்டதற்கு, "சும்மா கேட்டேன் மாமா" என்றான். சும்மா யார் பஸ் நேரம் கேட்பார்கள்?

யோசித்து யோசித்து ஒரு வழி கண்டேன். செவ்வாயன்று அம்மன் பொங்கலுக்குக் காப்புக் கட்டினார்கள். காப்புக் கட்டியவன் எட்டாம் நாள்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. பூசாரி சோலைச்சாமியிடம் சொல்லி அவன் கையிலும் கட்டவைத்தேன். மறுபேச்சில்லாமல் கையை நீட்டினான். அதுவே எனக்கு உறுத்தியது. ஆனாலும் அன்று நிம்மதியாகத் தூங்கினேன். விடிந்து, வழக்கம்போல் கோர்ட் உத்தரவை முதலிலிருந்து வாசித்தபோதுதான், எட்டு நாளுக்குள் ஒரு திங்கட்கிழமை வருகிறது என்பது உறைத்தது.

பூசாரியிடம் ஓடினேன். "காப்ப அவுத்துரும்யா."

"அய்யா, ஐகோர்ட்டு தீர்ப்பையே நிறுத்தி வைக்கலாம். ஆத்தா கட்டுனத நிறுத்தி வைக்க எந்தக் கோர்ட்டு இருக்கு?"

தங்கை சந்தனம்மாளோ, "எம் மகன் எல்லையத் தாண்டி ஊருக்கு மழை இல்லாமப் போச்சுன்னா உங்களத்தாண்ணே கேப்பாக" என்று அழுதாள். நல்லகண்ணு சிரித்தான். "நீங்கதான மாமா கட்டச் சொன்னீக?" அந்தச் சிரிப்பும் சரியில்லை.

ஸ்டேஷனுக்குப் போய், கையெழுத்து நோட்டை ஊருக்குக் கொண்டுவர முடியுமா என்று ஏட்டு பொன்ராஜிடம் கேட்டேன். அவர் தொப்பியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார். "பெரியவரே, ஓடிராம இருக்கக் காப்புக் கட்டுனீகளா, ஓடாமலே உள்ள போகட்டும்னு கட்டுனீகளா?" எனக்கே தெரியவில்லை, மாப்பிள்ளை. தப்பு என்னுடையது, இருந்தாலும் அவன் இதை எதிர்பார்த்தே கையை நீட்டியிருப்பானோ?

ஆகவே திங்கள் ஒரு நாளுக்கு மட்டும் கோர்ட்டில் விலக்கு வாங்குங்கள். அப்படியே ஜாமீனிலிருந்து என்னை விடுவிக்கவும் ஒரு மனுப் போடுங்கள். இது தங்களுக்குச் செவ்வாயன்றுதான் கிடைக்கும் என்பது இப்போதுதான் தோன்றுகிறது.

தங்களுக்கும் சுபத்ராவுக்கும் ஆத்தா ஒரு குறையும் வைக்காதிருக்கட்டும்.

இப்படிக்கு,
ராஜகுரு

பின்குறிப்பு: திங்கள் காலை, திருச்சுழி. தபாலில் போடாமல் சட்டைப்பையிலேயே இருந்த கடிதத்தில் இதையும் சேர்க்கிறேன். ஜாமீனிலிருந்து என்னை விடுவிக்கும் மனுவைப் போட வேண்டாம். விடியலில் அவன் வீட்டில் இல்லை, தோள்பையும் இல்லை. முதல் பஸ்ஸில் இங்கு வந்து, 'தண்டனை நிறுத்திவைக்கப்பட்ட நல்லகண்ணு தலைமறைவாகிவிட்டான்' என்று ஒன்பது மணிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்தேன், இரண்டு பிரதிகள். ஒன்பதே முக்காலுக்கு அவன் ஊரார் கண்ணில் படாமலிருக்கக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றி, அதே தோள்பையோடு சைக்கிள் மிதித்து வந்து கையெழுத்துப் போட்டான். "ஆத்தாகிட்டத் தெண்டம் கட்டிக்கிருவேன் மாமா. உங்க வீடு போனா யாருகிட்டக் கட்ட?" என்றான். புகாரைத் திருப்பிக் கேட்டால், நம்பர் போட்டாயிற்று, கிழிக்க முடியாது என்கிறார் ஏட்டு, கோர்ட்டுக்குப் போகுமாம். அதை நிறுத்திவைக்க என்ன மனு என்று உடனே எழுதவும். பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு டீ வாங்கித் தந்தவன், "ஓடுறதா இருந்தா உங்ககிட்டச் சொல்லாம ஓட மாட்டேன்" என்கிறான். அதையும் நான் முழுதாக நம்பிவிடவில்லை.