சைக்கிளுக்கு ஒரு கார்

இந்தக் கோடைக்குள் ஒரு காரை என் கையால் ஓட்டியே தீருவது என்று முடிவு செய்தேன். பல் தேய்க்கும்போது எடுத்த முடிவு. வாய் நிறைய நுரை இருந்ததால் உரக்கச் சொல்லவில்லை. நுரை இல்லாவிட்டாலும் சொல்லியிருக்க மாட்டேன். மார்னி பக்கத்து அறையில் இருந்தாள்.

மார்னி என் மனைவி. எங்கள் வீட்டில் ஓட்டுவதெல்லாம் அவள்தான். காரையும் ஓட்டுவாள், என்னையும் ஓட்டுவாள். நான் பக்கத்து சீட்டில் காபி சிந்தாமல் பிடித்துக்கொண்டு வருவேன்.

இதற்கு ஒரு முன்கதை உண்டு. போன வருடம் என் மலைச் சைக்கிளைக் காரின் கூரைமேல் கட்டிக்கொண்டு காட்டுப் பாதைக்குப் போனேன். போனதில் குறையில்லை. திரும்பி வந்ததிலும் குறையில்லை. மேலே சைக்கிள் இருப்பதை மறந்துவிட்டு நேராகக் கராஜுக்குள் நுழைந்தேன். கார் உள்ளே போனது. சைக்கிள் போகவில்லை. கராஜ் கதவு என்ன செய்வதென்று தெரியாமல் நடுவில் தொங்கியது. கனடாவில் மலையும் ஏரியுமாக இருக்கிற எங்கள் நெல்சன் நகரத்தில் சைக்கிள் வைத்திருக்கிற ஆண்களில் பாதிப் பேர் இதைச் செய்திருக்கிறார்கள். மீதிப் பாதிப் பேர் வெளியே சொல்லவில்லை.

"இனிமே சைக்கிள் கார் மேல ஏறாது. நீயும் ஸ்டியரிங்குக்குப் பின்னாடி ஏறமாட்ட" என்று மார்னி தீர்ப்புச் சொன்னாள். எங்கள் வீட்டில் அப்பீல் கிடையாது.

எங்கள் பழைய காரின் டிக்கியில் ஒரு சூட்கேஸ் வைத்தாலே மூச்சு முட்டும். அதற்குள் சைக்கிள் எங்கே போகும்? அது நிலவறையில் தலைகீழாகத் தொங்கியது. நான் சோபாவில் நேராகக் கிடந்தேன். அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்தச் சமயத்தில்தான் இணையத்தில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டது. பழைய ஹேட்ச்பேக். ஸ்போர்ட்ஸ் ரகம். சிவப்பு நிறம். பின்கதவு கூரை வரைக்கும் திறக்கும். பின்சீட்டை மடக்கலாம். பனிக்கால டயர்கள் இலவசம். கடைசி வரியில், கையால் போடும் கியர்.

படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. எங்கள் பக்கம் கியர் வண்டி ஓட்டத் தெரிந்தவர்களை வலை வீசித்தான் தேட வேண்டும். சாவியோடு தெருவில் விட்டாலும், திருடன் உள்ளே எட்டிப் பார்த்து, மூன்றாவது பெடலைக் கண்டதும் மன்னிப்புக் கேட்டுக் கதவைச் சாத்திவிட்டுப் போவான். திருடனுக்கே தெரியாதது மார்னிக்கா தெரியப்போகிறது? கல்யாணமான நாளிலிருந்து அவள் ஆட்டோமேட்டிக் தவிர வேறெதையும் தொட்டு நான் பார்த்ததில்லை. அவள் வளர்ந்ததோ சஸ்காட்செவன் மாகாணத்தில், மலையே இல்லாத சமவெளியில். இஸ்திரி போட்டு வைத்த நிலம். அங்கே காலையில் காரைக் கிளப்பினால் சாயங்காலம் நிறுத்தினால் போதும். நடுவில் கியருக்கு என்ன வேலை?

ஆக, கியர் வண்டி வாங்கினால் அவளால் ஓட்ட முடியாது. நான்தான் ஓட்டியாக வேண்டும். திட்டத்தில் ஒரே ஒரு ஓட்டை. எனக்கும் கியர் போடத் தெரியாது.

பக்கத்து வீட்டு ஹெய்டியிடம் போனேன். ஓய்வுபெற்ற நர்ஸ். என்னைவிட ரொம்ப மூத்தவர். ஆனால் நான் ஷூ லேஸ் கட்டி முடிப்பதற்குள் சைக்கிளில் மலையிறங்கி வந்துவிடுவார். அவரிடம் ஒரு கிழட்டு பிக்கப் வண்டி இருந்தது. கியர் வண்டி.

"ஹெய்டி, எனக்குக் கியர் போடக் கத்துக் குடுப்பீங்களா? மார்னிக்குத் தெரிய வேண்டாம்."

"ஏன், எங்கயாவது ஓடிப்போகப் போறியா?"

"ஓடல. ஓட்டப் போறேன்."

"சரி வா. நான் நர்ஸ். அடுத்தவங்க வயித்துல இருக்கறத வெளிய சொல்ற பழக்கமில்ல."

ஹாக்கி அரங்கத்தின் காலி பார்க்கிங்கில் பாடம் தொடங்கியது.

"கிளட்ச விடு. மெதுவா விடு. ஏம்ப்பா, கிளட்சத்தான் விடச் சொன்னேன், உயிர விடச் சொல்லல. கண்ணத் தொற."

"தொறந்துதான் இருக்கு."

"அப்ப அந்தக் கம்பம் ஏன் இவ்வளவு கிட்ட வருது?"

கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிபட்டது. சமதரையில் அட்டகாசமாக ஓட்டினேன். அப்புறம் ஒருநாள் ஹெய்டி மூக்கைச் சுளித்தார்.

"ஏதோ கருகுது."

"பக்கத்துல யாரோ இறைச்சி வாட்டறாங்க போல."

"யாரும் வாட்டல. நீதான் என் கிளட்ச வாட்டிக்கிட்டிருக்க."

பிக்கப் அங்கேயே படுத்துவிட்டது. இழுத்துக்கொண்டுதான் போனார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ஹெய்டி கோபப்படவே இல்லை. "வயசான வண்டி, விடு. நான் மலைக்குப் போக வேற வழி பாத்துக்கறேன்" என்றார். என்ன தங்கமான மனுஷி என்று நினைத்துக்கொண்டேன்.

அன்று இரவுச் சாப்பாட்டில் பேச்சை எடுத்தேன்.

"மார்னி, சைக்கிள் உள்ளயே போற மாதிரி ஒரு பழைய கார் வந்திருக்கு."

"நல்லது."

"கூரை மேல கட்டவே வேண்டாம்."

"ரொம்ப நல்லது."

"ஆனா ஒரு சிக்கல். கியர் வண்டி."

மார்னியின் முள்கரண்டி நின்றது. "அடடா. கியரா?"

"ஆமா. உனக்குத்தான் கஷ்டம். என்ன பண்றது, நான்தான் ஓட்டணும்."

"உனக்கு கியர் போட வருமா?"

"ரத்தத்துல ஊறினது."

"இத்தனை வருஷமா ஊறிக்கிட்டே இருந்துதா? சரி, என்ன கலர்?"

"சிவப்பு."

மார்னி என் தட்டில் இன்னொரு உருளைக்கிழங்கு வைத்தாள். நான் கேட்காமலே வைத்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். எனக்குப் பசிதான் வந்தது.

காரை விற்கிறவர் பெயர் ஹோலிஸ். இளைஞர். மனைவிக்கு இரட்டைக் குழந்தை பிறக்கப்போகிறதாம், அதனால் பெரிய வண்டிக்கு மாறுகிறார். அவர் வீடு நகரத்திலேயே செங்குத்தான தெருவின் உச்சியில் இருந்தது. சைக்கிளைப் போட்டுப் பார்க்காமல் கார் வாங்கக்கூடாது என்பது மார்னியின் கட்டளை. அவள் எங்கள் பழைய காரில் ஏறிப் போனாள். நான் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து போனேன். போய்ச் சேர்ந்தபோது ஹோலிஸ் எனக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்தார். மார்னி அதற்குள் காருக்கு அடியில் பாதி நுழைந்திருந்தாள்.

"பனி ரோட்டுல தூவற உப்பு பட்டு சக்கரத்துக்கு மேல துரு ஏறல" என்றாள் எழுந்து. "கிளட்ச் எப்ப மாத்தினீங்க?"

"போன வருஷம்தாங்க."

கிளட்ச் என்ற வார்த்தையெல்லாம் இவளுக்கு எப்படித் தெரியும்? டிவியில் கேட்டிருப்பாள் என்று விட்டுவிட்டேன்.

"பின்சீட் மட்டும் மடக்கறது கொஞ்சம் அடம் பிடிக்கும்" என்றார் ஹோலிஸ்.

நான் இழுத்தேன். குத்தினேன். கெஞ்சினேன். மடங்கவில்லை. மார்னி ஒரு விரலால் எதையோ தூக்கினாள். சீட் சாதுவாகப் படுத்துக்கொண்டது. என்னையே மடக்குகிறவளுக்கு சீட் எம்மாத்திரம்.

சைக்கிளை ஏற்றினோம். கைப்பிடி இடித்தது.

"முன் சக்கரத்தக் கழட்டு" என்றாள்.

கழற்றினேன்.

"கைப்பிடியத் திருப்பு. ஆசனத்த எறக்கு. இல்ல, உன் ஆசனம் இல்ல, சைக்கிளோடது. நீ எந்திரி."

அளவெடுத்துத் தைத்த மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது. பின்கதவு சத்தமில்லாமல் மூடியது. எனக்கு மனசு நிறைந்துவிட்டது.

"ஒண்ணுதாங்க போகும். ரெண்டாவது சைக்கிளுக்கு இடமில்ல" என்றார் ஹோலிஸ்.

"எங்ககிட்ட இருக்கறதே ஒண்ணுதான்" என்றேன்.

சைக்கிளை இறக்கிவிட்டு ஓட்டிப் பார்க்கக் கிளம்பினோம். நான் ஸ்டியரிங்கில். மார்னி பக்கத்தில். இப்படி ஒரு காட்சியைப் பார்த்து ஒரு வருடம் ஆகிறது. கியர் போட்டேன், விழுந்தது. வண்டி உறுமியது. கீழே ஏரி மின்னியது. வாழ்க்கை நன்றாகத்தான் இருக்கிறது என்று தோன்றியது. தெருவின் அடி வரைக்கும் அப்படித்தான் தோன்றியது. அங்கே திரும்பி, வந்த மேட்டிலேயே மறுபடி ஏற வேண்டும். பாதி மேட்டில் 'நில்' என்று ஒரு சிவப்புப் பலகை. நிறுத்தினேன். எஞ்சினும் நின்றது. கிளப்பினேன். துள்ளியது. மறுபடி நின்றது.

"கெல்வின், வண்டி பின்னாடி போகுது."

"தெரியும். கொஞ்சம் இடம் எடுத்துக்கறேன்."

"அந்த இடத்துல ஒரு வேன் நிக்குது."

"ஹாரன் அடிக்கறானா?"

"இல்ல. சிலுவை போட்டுக்கறான்."

கைபிரேக்கைப் பிடித்துத் தொங்கினேன். சட்டை நனைந்துவிட்டது.

"எறங்கு" என்றாள் மார்னி. "இந்தப் பக்கம் வந்து உக்காரு."

"உனக்குத்தான் கியர் தெரியாதே?"

ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஏறினாள். சீட்டை முன்னால் இழுத்தாள். ஒரு கால் கிளட்சில், ஒரு கால் ஆக்சிலரேட்டரில். கைபிரேக்கை விட்டாள். வண்டி ஒரு குலுக்கல் இல்லாமல் மேட்டில் ஏறியது. வேன்காரன் கை தட்டியது கண்ணாடியில் தெரிந்தது.

"எப்ப கத்துக்கிட்ட?"

"பதினோரு வயசுல. அப்பாவோட கோதுமை லாரி. அதுல கியர் மாத்த ரெண்டு கையும் வேணும். இது பொம்மை."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ கேக்கவே இல்லையே. ரத்தத்துல ஊறினதுன்ன. சரி, அதையும் பாத்துடலாம்னு விட்டேன்."

கார் வாங்கினோம். வாங்கினோம் என்றால், மார்னி பேரம் பேசினாள், நான் தலையாட்டினேன். ஆனால் நம்பிக்கையை விடவில்லை. வீட்டுக்கு வந்ததும் சமரசம் பேசினேன்.

"வாரம் பூரா நீயே ஓட்டு. சனிக்கிழமை மட்டும் வண்டி எனக்கு. சைக்கிளுக்காக வாங்கின கார்தானே?"

"தாராளமா. சனிக்கிழமை எப்படிப் போவ?"

"கார்ல மலை உச்சிக்குப் போவேன். அங்கேருந்து சைக்கிள்ல எறங்குவேன்."

"எறங்கினப்புறம்?"

"கார்ல வீட்டுக்கு வருவேன்."

"கார் எங்க இருக்கும்?"

யோசித்தேன். கார் உச்சியில் இருக்கும்.

மேட்டிலும் மிதித்தே ஏறுகிற மகான்கள் எங்கள் ஊரில் உண்டு. அவர்கள் காரைக் கீழே விட்டுவிட்டுப் போவார்கள். நான் இறக்கத்துக்கு மட்டும் பிறந்தவன். என்னைப் போன்றவர்களை மேலே கொண்டுபோய் விட்டுவிட்டு, காரைக் கீழே கொண்டுவர ஓர் ஆள் வேண்டும். இது எங்கள் ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்கும் தெரியும். எனக்குத்தான் அந்த நேரத்தில் தெரியாமல் போனது.

"கீழ நான் கொண்டு வரேன்" என்றாள் மார்னி பெரிய மனசோடு.

"அப்ப மேல போறப்ப நான் ஓட்டறேன்."

"மேட்டுலயா? நீயா?"



சனிக்கிழமை வந்தது. மார்னி கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வளைவுகளில் காரை விளையாட விட்டாள். அவளை அவ்வளவு சந்தோஷமாகப் பார்த்து நாளாகிவிட்டது. உச்சியில் என்னையும் சைக்கிளையும் இறக்கிவிட்டுப் போனாள். சக்கரத்தை மாட்டினேன். இறங்கினேன். முதல் திருப்பத்தில் உயிர் தொண்டைக்கு வந்தது. அடுத்த திருப்பத்தில் அது தானாகவே கீழே போய்விட்டது. தேவதாரு வாசனை, வேர்கள், சேறு, சின்ன மரப்பாலம். கத்திக்கொண்டே இறங்கினேன். ஆனந்தம் என்றால் அதுதான், பொய் சொல்ல மாட்டேன்.

அடிவாரத்தில் சிவப்புக் கார் காத்திருந்தது. ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தேன். உள்ளே ஒரு சைக்கிள் படுத்திருந்தது. முன்சீட்டில் ஹெய்டி.

"இவங்கள மேல கொண்டு விட்டுட்டு வரேன்" என்றாள் மார்னி. "பிக்கப் ரிப்பேராம், பாவம்."

நான் ஹெய்டியைப் பார்த்தேன்.

"நான் ஒரு வார்த்தை சொல்லல" என்றார் ஹெய்டி.

"அவங்க சொல்லல. உன் சட்டையில கிளட்ச் கருகின வாடை சொல்லிச்சு" என்றாள் மார்னி. "அவங்க வண்டிய நீ கெடுத்த. நம்ம வண்டியில நான் ஏத்திக்கறேன். நியாயம்தானே?"

"நியாயம்தான். நான் எப்படி வீட்டுக்கு வர்றது?"

"ஒண்ணுதான் போகும்னு ஹோலிஸ் சொன்னாரே. உங்கிட்டதான் சைக்கிள் இருக்கே."

கார் போய்விட்டது. திட்டிக்கொண்டே மிதித்தேன். ஏரிக்கரை வரைக்கும் திட்டு இருந்தது. எங்கள் தெரு மேடு தொடங்கியதும் திட்ட மூச்சு இல்லை. பாதியில் இறங்கித் தள்ளலாமா என்று நினைத்தேன். இவளுக்கு முன்னால் தள்ளிக்கொண்டு போய் நிற்பதா? முடியாது. பல்லைக் கடித்து மிதித்தேன். தொடை எரிந்தது. கண் இருட்டியது. எங்கள் வீட்டுத் தபால் பெட்டி தெரிந்தது. தொட்டுவிட்டேன். கால் தரையில் படாமல் வந்து சேர்ந்துவிட்டேன். வாழ்நாளில் முதல் தடவை.

புல்வெளியில் மல்லாந்து கிடந்தபோது சிவப்புக் கார் வந்து நின்றது. மார்னி குனிந்து பார்த்தாள்.

"தள்ளிக்கிட்டு வந்தியா?"

"இல்ல. மிதிச்சே வந்தேன்."

"இந்த மேடு முழுக்கவா?"

"முழுக்க."

அவள் முகம் மலர்ந்துவிட்டது. வியர்வையைப் பார்க்காமல் நெற்றியில் முத்தம் கொடுத்தாள். "நிஜமாவே பெருமையா இருக்கு, கெல்வின்" என்றாள். நிஜமாகவே சொன்னாள். இதுதான் நேரம் என்று சாவிக்குக் கை நீட்டினேன்.

மார்னி சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

"இனிமே உனக்குக் காரே வேண்டாம்."