நிலுவையில் ஒரு சுரைக்காய்

சிதம்பரத்தில் மார்கழி பிறந்து, மழை ஓய்ந்து, மொட்டை மாடிகள் காய்ந்ததும் வீட்டுத் தோட்டங்களுக்கெல்லாம் 'பருவ நிறைவு ஆய்வு' நடத்துவதென்று கடலூரில் தோட்டக்கலைத் துறை அலுவலகத்தில் முடிவாயிற்று. செடி வைத்தவர்கள் யாரும் அதைக் கேட்கவில்லை. கேட்காததைக் கொடுப்பதுதானே நிர்வாகம்.

ஆய்வுக்கு வந்த அருள்முருகன் நல்ல மனிதர். வெண்டைக்கும் புளிச்சைக்கும் வித்தியாசம் தெரியாது என்பதை அவர் யாரிடமும் மறைத்ததில்லை. தெருவில் பல வீட்டுத் தோட்டம் போட்டோ எடுத்துப் போட்டதோடு கைவிடப்பட்டு, ஐப்பசி மழையில் அழுகி, இப்போது வெறும் மண் பையாக இருந்தது. அவர் ஒவ்வொரு பையையும் எட்டிப் பார்த்து, அறுவடை நிலுவை ஏதுமில்லை, முழு நிறைவு என்று மனதாரப் பாராட்டிவிட்டு இறங்கினார்.

கடைசி வீடு ஜோதிலட்சுமியுடையது. அவர் மாடிப் பந்தலில் ஒரு சுரைக்காய் மட்டும், காம்பில் பழைய புடவைக் கிழிசலோடு தொங்கிக்கொண்டிருந்தது. விதைக்காய், யாரும் பறித்துவிடாதீர்கள் என்பதற்காகக் கட்டுகிற துணி அது. அந்தக் காய் முற்றி உலர்ந்தால்தான் ஆடியில் அவருக்கும் விதை, கிண்ணத்தோடு வந்து நிற்கும் தெருவுக்கும் விதை. துறை கொடுக்கும் பொட்டல விதை இதுவரை யார் வீட்டிலும் முளைத்ததில்லை.

"இது ஏம்மா இன்னும் அறுவடை ஆவல?"

"விதைக்கு விட்டிருக்கேன் சார். தை கடைசியில முத்திடும்."

"பருவம் போன மாசமே முடிஞ்சிடுச்சும்மா."

"அது காய்க்குத் தெரியாதே சார்."

அருள்முருகன் யோசித்தார். காய் தொங்கினால் பருவம் முடியவில்லை என்று ஆகிறது. முடியாத பருவத்துக்கு நிறைவு ஆய்வு நடந்தால், அவர் அங்கே வந்ததே தவறாகிவிடும். ஆகவே, மேற்படி காய் அகற்றப்படும் வரை தெரு முழுவதும் நிலுவை என்று அறிவித்தார். நிலுவையில் உள்ள தெருவுக்குக் கடலூரில் துறை நடத்தும் பாராட்டு விழாவில் மேடையும் கிடையாது, கேடயமும் கிடையாது.

அன்று சாயங்காலமே பக்கத்து வீட்டுக் கலைமணி தலைமையில் தெருவே படியேறி வந்தது.

"ஒரு காய்க்காவ இத்தன பேரு மானம் போவணுமாக்கா?"

"ஆடிக்கு விதைக்கு எங்கடா போவ?"

"அத ஆடியில பாத்துக்கலாம். விழா வர்ற வாரம்."

ஜோதிலட்சுமிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. வாய்க்கு வந்தபடி திட்டவும் செய்தார். ஆனால் பொய் சொல்வானேன், அந்த மேடை மேல் அவருக்கும் ஒரு கண் இருந்தது. பச்சைப் புடவையில் வரவேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். புடவை எடுத்து, ரவிக்கையும் தைக்கக் கொடுத்தாயிற்று.

மறுநாள் அருள்முருகன் முன்னிலையில் காய் அறுக்கப்பட்டது. உடைத்துப் பார்த்தால் உள்ளே விதையெல்லாம் சப்பை. ஜோதிலட்சுமி தெருவையே இன்னொரு முறை திட்டித் தீர்த்தார். விழாவில் அந்தப் புடவை அவருக்கு எடுப்பாகத்தான் இருந்தது.

ஆடி வந்தது. கிண்ணங்கள் வந்தன, வந்தபடியே திரும்பின. வேறு வழியில்லாமல் எல்லோரும் பொட்டல விதையைப் போட்டார்கள். அதை எறும்பு தூக்கிப் போனதா, மண் தின்றதா என்று தெரியவில்லை. ஒரு மாடியிலும் பச்சை தெரியவில்லை. இந்த முறை ஆய்வுக்கு வந்தால் என்ன பதில் சொல்வது என்று தெருவே நடுங்கியது.

மார்கழியில் அருள்முருகன் வந்தார். எங்கு பார்த்தாலும் பையில் மண், பந்தலில் கயிறு. மாடி ஏற ஏற அவர் முகம் மலர்ந்துகொண்டே போயிற்று. பருவம் தொடங்குவதற்கு முன்பே நிறைவடைந்த தெருவை அவர் தம் பணிக்காலத்தில் கண்டதில்லையாம். மாவட்டத்துக்கே முன்மாதிரி என்று எழுதிக்கொண்டு போனார்.

இந்த முறை கேடயம் பெரியது. மேடையில் ஜோதிலட்சுமியிடம் மைக்கை நீட்டி, இப்பேர்ப்பட்ட சாதனை எப்படிக் கைகூடியது என்று கேட்டார்கள். அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"என் ஒருத்தி கையால ஆயிருக்காது சார்," என்றார். "தெருவே ஒத்துமையா செஞ்சது."