நட்டநடுப் பட்டை

மேடத்தின் கம்ப்யூட்டர் திரையில், வரைந்த படிக்கட்டின் பாதியைக் காணவில்லை. அதன்மேல் ஒரு பட்டை நின்றுகொண்டிருந்தது.

கட்டட வரைபட மென்பொருளில் டூல்பார் என்கிற கருவிப் பட்டை மேலேதான் இருக்கும். மேடத்தின் திரையில் மட்டும் நட்டநடுவே, தூண் மாதிரி. இவ்வளவு பெரிய ஆர்க்கிடெக்ட் சும்மாவா அப்படி வைப்பார் என்று அலுவலகம் முழுக்க அதையே பின்பற்றியது. எல்லோரும் கழுத்தைச் சாய்த்துச் சாய்த்துத்தான் வரைந்தார்கள்.

வரைவாளன் ஒருவனுக்கு, ஒல்லி உடம்பால், 'ஸ்கேல்' என்று பெயர். அவன் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. வீடு கட்டப்போகிறவரை அழைத்துவர மேடம் போயிருந்தார். அவர்கள் வருவதற்குள் படிக்கட்டை முடித்தாக வேண்டும். மேடத்தின் நாற்காலியில் உட்கார்ந்தான்.

"பட்டையை லேசா தள்ளிட்டு, அப்புறம் பழையபடி வச்சிடறேன்."

"வேண்டாம்டா. வாழ வேண்டிய வயசு," என்றாள் பக்கத்து மேசைக்காரி.

இழுத்தான். பட்டை சுருங்கி ஒரு மூலையில் போய் ஒண்டிக்கொண்டது. அதைத் தட்டினான். மற்ற பட்டைகளும் மாயமாயின. பதறிப்போய் எதையோ அமுக்க, கறுப்புத் திரை பளிச்சென்று வெளுத்தது. மஞ்சள் கோடுகளில் இருந்த படிக்கட்டு கண்ணுக்கே தெரியவில்லை.

"ஐயோ, படிக்கட்டு எங்கே?"

"மாடி இருக்குல்ல? குதிச்சு ஏறிக்கச் சொல்லு."

'எல்லாவற்றையும் ஆரம்ப நிலைக்குக் கொண்டுவரவா?' என்று கேட்டது மென்பொருள். கண்ணை மூடிக்கொண்டு சம்மதித்தான்.

கண்ணைத் திறந்தால், பட்டைகள் மேலே ஒழுங்காக நின்றன. படிக்கட்டு முழுசாகத் தெரிந்தது.

"அடேயப்பா, எவ்வளவு நல்லா இருக்கு!"

"அதான்டா பயமா இருக்கு."

பட்டையை நடுவுக்கு இழுத்துப் பார்த்தான். அது குறுக்கே படுத்துக்கொண்டது. நிமிர்த்துவதற்குள் மேடமும் வீடு கட்டப்போகிறவரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

"யார் இதைத் தொட்டது?"

"நான்தான் மேடம். வேலையை விட்டுத் தூக்கிடாதீங்க."

மேடம் திரையை நோக்கிக் கை நீட்டினார். "அது நடுவுல இருந்ததுக்கு ஒரு காரணம் இருக்கு."

அலுவலகமே காதைத் தீட்டிக்கொண்டது. வீடு கட்டப்போகிறவரும் ஆர்வமாக நெருங்கி வந்தார்.

"என்ன காரணம் மேடம்?"

"அது வந்து... பார்வை சிதறாது. கவனம் ஒரே இடத்துல குவியும்."

எல்லோரும் பயபக்தியோடு தலையாட்டினார்கள்.

மேசை துடைக்க வந்த அக்கா, கையில் ஈரத்துணியோடு எட்டிப் பார்த்தார்.

"அந்தப் பட்டையா? அது நான் மவுஸைத் துடைக்கும்போது நடுவுல வந்து நின்னுடுச்சும்மா. யாரும் திட்டலையேன்னு நானும் கம்முனு இருந்துட்டேன்."