பெர்லாவுக்கு எண்ணூறு

ரெட்விக், புதன்கிழமை

பெருமதிப்புக்குரிய மச்சான் சிக்ஸ்டன் அவர்களுக்கு,

இங்வே எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் தங்கை மைக்கனும் நலம். அங்கே உங்கள் முழங்கால் நலமா? நம் இருவருக்கும் பொதுவான குதிரை பெர்லாவும் நலம்தான், ஆனால் குதிரை டாக்டர் தீரா அதை ஒப்புக்கொள்ள மாட்டேன் என்கிறாள். அதனால்தான் இந்தக் கடிதம்.

தீரா தன் கிளினிக்குக்குப் புதிதாக ஒரு பெட்டி வாங்கியிருக்கிறாள். காபி டப்பா அளவுதான் இருக்கும். ஒரு சொட்டு ரத்தம் விட்டால், குதிரைக்கு உள்ளே எங்காவது அழற்சி இருக்கிறதா என்று பத்து நிமிடத்தில் எண்ணாகச் சொல்லுமாம். பெட்டி சொல்வது மெய்யா என்று பார்க்க நாற்பது குதிரைகளின் ரத்தத்தை எடுத்து, பாதியைப் பெட்டியிலும் மீதியை உப்சாலாவில் உள்ள பெரிய ஆய்வகத்திலும் சோதித்து ஒப்பிடுகிறாள். நோயில்லாத குதிரைகளும் வேண்டும் என்றாள். விடுவேனா, பெர்லாவை முதல் ஆளாகக் கொண்டுபோய் நிறுத்தினேன். அடுத்தது பக்கத்து லாயத்து ஃபோல்கேயின் குதிரை. அது நடக்கும்போதே தூங்கும். பெட்டி அதற்குப் பூஜ்யம் என்றது. பெர்லாவுக்கு எண்ணூறு! முப்பத்தொரு வருடம் பள்ளியில் கணக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான், எது பெரிது என்று எனக்குத் தெரியாதா? தீரா வாய் திறப்பதற்குள் ஃபோல்கேயின் முதுகில் தட்டி ஆறுதல் சொல்லிவிட்டு, கடைக்கு ஓடி, பாதாம் விழுது போர்த்திய பச்சை மர்சிபான் கேக் வாங்கி வந்தேன். ஜெயித்தவன் லாயத்துக்கே கேக் வாங்க வேண்டும் என்பது தெரிந்ததுதானே. பன்னிரண்டு பேர் சாப்பிட்டார்கள். ஃபோல்கே இரண்டு துண்டு முடித்து, விரலையும் நக்கிவிட்டுத்தான் பேசினான்.

"இங்வே, அது மார்க் இல்லப்பா. எண்ணூறுன்னா உள்ளுக்குள்ள அவ்வளவு அழற்சி. நல்ல குதிரைக்கு முட்டைதான் வரணும்."

"அடப்பாவி, முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கேக் வந்துரட்டுமேன்னு பாத்தேன்."

தீராவும் வந்து சேர்ந்தாள். என்னிடம் படித்தவள், பின்னக் கணக்கில் தினமும் தடுக்கி விழுந்தவள். "சார், சனிக்கிழமை வண்டிப் பந்தயத்துல பெர்லாவ ஓட விடாதீங்க" என்றாள்.

"காய்ச்சல் இருக்கா? இல்ல. இருமல்? இல்ல. காலைல ஒரு வாளி ஓட்ஸ் தின்னாளே!"

"காய்ச்சல் வர்றதுக்கு முன்னாடியே ரத்தம் காட்டிக்கொடுத்துரும் சார்."

"உன் பெட்டி சரியான்னே நீ இன்னும் பாத்து முடிக்கலியேம்மா!"

"அது வாஸ்தவந்தான். உப்சாலாலேருந்து முடிவு வரட்டும்" என்று தலையைச் சொறிந்தாள். மடக்கிவிட்டேன், மச்சான்.

ஆகவே சனிக்கிழமை பெர்லா ஓடுகிறாள். நான்கு வருடம் காத்திருந்து கிடைத்த முதல் பெரிய பந்தயம், வண்டியில் உட்கார்ந்து ஓட்டப்போவதும் நான்தான். தவறாமல் குடும்பத்தோடு வந்து சேருங்கள். பெட்டிக்குப் பயந்தால் குதிரை வளர்க்க முடியுமா?

பெரியவர்களுக்கு வணக்கமும் சின்னவர்களுக்கு என் ஆசியும் உங்கள் முழங்காலுக்கு என் விசாரிப்பும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள இங்வே

பி.கு.: இன்று வெள்ளி. கடிதத்தைத் தபாலில் போட மறந்து சட்டைப்பையிலேயே வைத்திருந்தேன். நேற்றுக் காலை பெர்லா ஓட்ஸைத் தொடவில்லை. மூக்கு ஒழுகுகிறது, இருமுகிறாள், காய்ச்சல் முப்பத்தொன்பதரை. உப்சாலாவும் எண்ணூற்றுச் சொச்சம் என்றே எழுதிவிட்டது. தீரா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. "மூணு வாரம் ஓய்வு குடுத்தா சரியாயிடும் சார். இதோட ஓடியிருந்தா நுரையீரல் போயிருக்கும்" என்று மட்டும் சொன்னாள். பெர்லாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதேன் என்பதை ஃபோல்கே உங்களிடம் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன். பந்தயம் இல்லை, ஆனாலும் வாருங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொல்கிறாள் மைக்கன். நான் மாட்டேன் என்றுவிட்டேன். மேலே எவ்வளவு நிச்சயமாக எழுதியிருக்கிறேன் பாருங்கள், மச்சான். அதே நிச்சயத்தோடுதான் நாளைக்கு அவளை வண்டியில் பூட்டியிருப்பேன்.