அம்மா ஒத்துக்க மாட்டாங்க

நான் பெண்ணுரிமைக்கு எதிரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. பதினெட்டு வருஷம் வெளிநாட்டில் குப்பை கொட்டிவிட்டுத் திரும்பியவன். இரண்டு மொழியில் பெண் விடுதலை பேசுவேன். எங்கள் வீட்டில் முட்டுக்கட்டை என் அம்மாதான். அவளை அந்தப் பதவியில் நியமித்தவன் நான் என்பது மட்டும் அவளுக்குத் தெரியாது.

மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டாள். "எனக்கு முழுச் சம்மதம். அம்மாதான்..." என்று இழுத்தேன். தோழிகளோடு மூன்று நாள் வெளியூர் போகக் கேட்டாள். "தாராளமாப் போ. ஆனா அம்மா..." என்று பெருமூச்சு விட்டேன். நல்ல பெயர் எனக்கு, கெட்ட பெயர் அம்மாவுக்கு. "நீ நேராப் போய்க் கேட்டுடாதே, ரத்தக்கொதிப்பு ஏறிடும்" என்று ஒரு பூட்டும் போட்டு வைத்திருந்தேன்.

போன வாரம் பெரிய கேள்வியோடு வந்தாள். அடுத்த தெரு தையல் யூனிட்டில் துணி வெட்ட ஆள் வேண்டுமாம். கல்யாணத்துக்கு முன்னால் அவள் பார்த்த வேலைதான். காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை.

நான் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு செய்பவன். பதினோரு மணிக் காபியும் ஒரு மணிச் சாப்பாடும் என் மேசைக்கு நடந்து வந்து பழக்கம். அந்தக் கவலையை முகத்தில் காட்டவில்லை.

"நல்ல விஷயம்தானே. எனக்கென்ன ஆட்சேபணை? அம்மா ஒத்துக்க..."

"கேட்டுட்டேங்க."

"யார்கிட்ட?"

"அத்தைகிட்டதான். ஒரு கையில தண்ணி, ஒரு கையில மாத்திரைப் பெட்டியோட போய்க் கேட்டேன். அவங்களுக்கு ரத்தக்கொதிப்பே இல்லையாமே."

அம்மா அறையிலிருந்து வந்தாள்.

"ஏண்டா, இவ கார் ஓட்டக் கூடாதுன்னு நான் எப்ப சொன்னேன்?"

"உன் மனசு தெரிஞ்சுதாம்மா..."

"உங்கப்பாவும் இப்படித்தான். டீச்சர் வேலைக்குப் போறேன்னு கேட்டேன். 'எங்கம்மா ஒத்துக்க மாட்டாங்க'ன்னார். இருபது வருஷம் என் மாமியாரோட முகம் கொடுத்துப் பேசலை. அவங்க படுக்கையில விழுந்தப்பதான் கேட்டேன். 'என்கிட்ட யாருமே கேட்கலையேம்மா'ன்னாங்க."

எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் ஒரு சாக்குத் தேடினேன். மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"சரி, போகட்டும். பகல்ல உன்னைப் பார்த்துக்க ஆள் வேணாமா?"

"வேணாம். அங்கேயே பட்டன் தைக்கவும் ஆள் எடுக்கிறாங்க. நானும் பேர் கொடுத்துட்டேன்."

திங்கட்கிழமை காலை எட்டே முக்கால். மனைவி சாப்பாட்டு டப்பாக்களைப் பையில் அடுக்கினாள். இரண்டே இரண்டு. என்னிடம் சொல்லிக்கொள்ள வருவாள் என்று வாசலில் நின்றேன். தலையை ஆட்டிவிட்டு இறங்கிப் போனாள். அம்மாதான் செருப்பை மாட்டிக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"தனியா இருக்கே. தாழ்ப்பாள் போட்டுக்கோ. யாராவது வந்தா கதவைத் திறக்காதே. வீட்ல பெரியவங்க யாரும் இல்லைன்னு சொல்லிடு."