வாண்டர்லினுக்கு மண்டபத்தில் இடமுண்டா?

லண்டனின் மிச்சம் (Mitcham) பகுதியில் உள்ள தன் வீட்டுக் குளியலறைக் கதவைப் பூட்டிக்கொண்டு, குலசேகரம் கைபேசியில் பேஸ்போல் படித்துக்கொண்டிருந்தார். கீழே முன்னறையில், மகளைப் பார்க்க வந்த கனடாக்காரர் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

மகள் ஜதுர்ஷிகா முப்பத்திரண்டு வயதில் தானாகவே ஒருவனைக் காட்டியிருந்தாள். பெயர் பிரியந்தன், லண்டனிலேயே வேலை. அவனுடைய தாய், தகப்பன், தங்கை துஷ்யா மூவரும் ரொறன்ரோவிலிருந்து வந்து, அவனோடு முதன்முதலாக இன்றுதான் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இந்தச் சம்பந்தம் குழம்பினால் மகள் இனி யாரையும் காட்டமாட்டாள்.

போன கிழமையே மகள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள்.

"அப்பா, பிரியந்தன்ர அப்பா பேஸ்போல் பைத்தியம். அதைப் பற்றிக் கதைச்சா அவருக்கு உங்களை நல்லாப் பிடிக்கும்."

வாண்டர்லின் என்று ஓய்வுபெற்ற ஆட்டக்காரர் ஒருவராம். அவரை, பேஸ்போலில் பேரெடுத்தவர்களைக் கௌரவிக்கிற புகழ் மண்டபத்தில் சேர்க்கலாமா கூடாதா என்று அங்கே பெரிய அடிபாடாம். கிரிக்கெட் மட்டையைத் தவிர வேறு மட்டை அறியாத குலசேகரம், வேலையில் தேநீர் இடைவேளைகளிலும் அதையே பாடமாக்கினார். பாடமாக்கியதில் பாதி, படியிறங்கும்போதே மறந்துபோயிற்று.

இருந்தாலும் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, பிரியந்தனின் தகப்பன் தேவராசாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

"வாண்டர்லினைக் கட்டாயம் மண்டபத்தில சேர்க்கவேணும் அண்ணை. அப்பிடி அடிக்க இனி ஆர் இருக்கினம்?"

தேவராசா வடையைத் தட்டில் வைத்தார்.

"அது ஊக்கமருந்து ஊசி போட்டு அடிச்ச அடியெல்லோ?"

ஊசி விஷயம் மறந்துபோன பாதியில் இருந்திருக்கவேண்டும். குலசேகரம் உடனே கட்சி மாறினார்.

"நானும் அதைத்தான் சொல்ல வந்தனான். ஊசி போடுற ஆக்களுக்கு என்ன மரியாதை? அவையை வாசல்படி ஏற விடக்கூடாது."

அந்த நேரம் பார்த்துத்தான் தேவராசாவின் மனைவி யோகமலர், கணவருக்குச் சாப்பாட்டுக்கு முன் போடவேண்டிய இன்சுலின் ஊசியைக் கைப்பையிலிருந்து எடுத்திருந்தார். எடுத்ததை மெல்ல உள்ளே வைத்துவிட்டார். குலசேகரத்தின் மனைவி கனகாம்பிகை சமையலறை வாசலில் நின்று பார்த்த பார்வையில், இன்றைக்கு மட்டுமல்ல, வருகிற வருசத்துக்கும் சேர்த்து அவருக்குக் கிடைக்கவேண்டிய ஏச்சு இருந்தது.

சில ஊசிகள் உயிரைக் காப்பாற்றுகிற ஊசிகள் என்று குலசேகரம் அவசரமாக விளக்கினார். வாண்டர்லினுக்கும் ஏதாவது நோய் வருத்தம் இருந்திருக்கும், பாவம், சேர்த்துவிடலாம் என்றார். தேவராசாவோ வீட்டுக்காரரைச் சங்கடப்படுத்தக்கூடாது என்று நினைத்தவர்போல, இல்லை, நீங்கள் இதற்கு முன் சொன்னதுதான் நியாயம், சேர்க்கவே கூடாது என்றார். சரி, கூடாது என்று குலசேகரம் இறங்கி வந்தார். அதற்குள் தேவராசா சேர்க்கலாம் என்று ஏறிவிட்டார். இப்படி மாறி மாறி விட்டுக்கொடுத்ததில் இருவரும் ஒருமுறைகூட ஒரே பக்கத்தில் நிற்கவில்லை. குரல் மட்டும் உயர்ந்துகொண்டே போனது. தேநீரில் ஆடை படர்ந்தது.

கடைசி முயற்சியாக, உள்ளே விடாமல் மண்டப வாசலில் ஒரு படம் மட்டும் மாட்டலாமே என்றார் குலசேகரம். தேவராசாவின் முகம் கறுத்தது.

"ஊசி போடுறவன் வாசலோட நிக்கவேணுமோ? என்னை வச்சுப் பகிடி விடுறியளோ?" என்று கேட்டுக்கொண்டே எழுந்தார். "பிரியந்தன், வெளிக்கிடு."

பிரியந்தன் எழவில்லை. ஜதுர்ஷிகாவின் கண்கள் நிறைந்துவிட்டன. அதைப் பார்த்ததும் குலசேகரம் பாடமாக்கியதெல்லாவற்றையும் கைவிட்டு, தேவராசாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணை, வாண்டர்லின் எக்கேடு கெட்டாலும் கெடட்டும். எனக்கு என்ர பிள்ளை சந்தோசமா இருக்கவேணும். அவ்வளவுதான்."

தேவராசா பெருமூச்சு விட்டு, "எனக்கும் அதுதான் அண்ணை," என்று உட்கார்ந்தார்.

அதன்பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. கனகாம்பிகை வெற்றிலைத் தட்டைக் கொண்டுவந்தார், தட்டு மாற்றினார்கள், ஆவணியில் கலியாணம் என்று முடிவாயிற்று. யோகமலர் ஊசியை எடுத்துப் போட்டுவிட, எல்லோரும் வயிறாரச் சாப்பிட்டார்கள்.

வெளிக்கிடும்போது துஷ்யாவின் குளிர்க்கோட்டை எடுத்துக்கொண்டு குலசேகரம் வாசலுக்கு வந்தார். சப்பாத்து மாட்டியபடி அவள் ஜதுர்ஷிகாவின் காதுக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எங்கட அப்பாவுக்கும் பேஸ்போல் ஒரு மண்ணும் தெரியாது மச்சாள், உங்கட அப்பாதான் பைத்தியமெண்டு சொல்லிப் பிளேனில வச்சுப் படிப்பிச்சனான்; ஆனா பாத்தீங்களே, பின்னேரம் முழுக்கக் கதைச்சும், ஊரிலை எந்தப் பகுதி, ஆரின்ர ஆக்கள், என்ன சாதியெண்டு ரெண்டு பேரும் ஒரு சொல்லுக் கேக்கேல்லை."